பத்தாவது குண்டூசி

பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் தையல் கடையில் ஒரு குண்டூசியைக் காணோம்.

ஒரு குண்டூசிக்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொது டப்பாவில் கொட்டிக் கிடக்கும் மொட்டைத் தலை ஊசிகளில் ஒன்று போயிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கப்போவதில்லை. இது தலையில் பச்சைக் கண்ணாடி மணி வைத்த ஊசி. இந்த வகையில் கடையில் பத்தே பத்துதான் உண்டு. பழைய மிட்டாய்த் தகர டப்பா ஒன்றில் அவை தனிக்குடித்தனம் நடத்திவந்தன. ஆளை நிற்க வைத்து, துணியை உடம்போடு பிடித்து அளவு குத்தும்போது மட்டும் வெளியே வரும். வேலை முடிந்ததும் டப்பாவுக்குப் போய்விடும். இப்போது வெட்டு மேஜையில் விரித்துக் கிடந்த சாம்பல் நிற ஸ்கர்ட்டின் ஓரத்தில் ஏழு இருந்தன. டப்பாவில் இரண்டு இருந்தன. ரேடியோ நாலு தடவை எண்ணிவிட்டாள். ஏழும் இரண்டும் ஒன்பதுதான் ஆயிற்று.

கடைசியாக அந்தப் பத்தையும் அவள் வைத்திருந்த இடம் அவளுடைய வாய்.

ரேடியோ என்பது வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மனசு புண்படும் என்று அவர்களாக முடிவு செய்துவிட்டார்கள். அவளுக்கோ அந்தப் பெயர்தான் பிடிக்கும், ஆகவே இங்கே அது இருந்துவிட்டுப் போகட்டும். இருபது வருஷமாக அந்தக் கடையில் அளவெடுப்பதும் வெட்டுவதும் அவள் வேலை. பத்து ஊசியையும் உதட்டின் இடது ஓரத்தில் வரிசையாகக் கவ்விக்கொண்டு, வலது ஓரத்தால் ஓயாமல் பேசுவாள். பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று வாடிக்கைக்காரருக்கு ஞாபகம் வருவதற்குள் நான்கு பக்கமும் ஓரம் மடிந்திருக்கும். "ஊசிய முழுங்கிடப் போறீங்கக்கா" என்று யாராவது பயந்தால், "நான் பேச்சையே முழுங்கினதில்ல, ஊசியவா முழுங்கப் போறேன்?" என்பாள்.

கடையின் மறு பாதி மெஷின்காரி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தது ரேடியோ. நாளாவட்டத்தில் அது கோட்டான் என்று தேய்ந்தது. ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி தைப்பாள். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி கேட்பாள். பங்கு பிரித்ததில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

பிறகு ரேடியோவின் நாக்கில் இடது பக்கம் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக நின்றது, அது உரசுகிறது என்று அவளே டாக்டராகி முடிவு செய்தாள். சீசன் முடியட்டும், காட்டலாம் என்றாள். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கும் வேலை முடியட்டும் என்றாள். கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது, அதுவும் முடியட்டும் என்றாள். வீட்டில் எல்லோருடைய காரியமும் முடிந்து தன் முறை வந்தபோது புண்ணுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கேன்சர்.

கீழுதட்டை நடுவில் பிளந்து, தாடையைத் திறந்து, பாதி நாக்கை எடுத்தார்கள். இடது முன்கையிலிருந்து ஒரு துண்டு சதையை வெட்டி நாக்கில் வைத்துத் தைத்தார்கள். கையில் விழுந்த பள்ளத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து மூடினார்கள். ஓர் இடத்துக் கிழிசலுக்கு இன்னோர் இடத்தில் துணி வெட்டுவது அவளுக்குத் தெரியாத வேலையா? கட்டுப் பிரித்த அன்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஓரம் நல்லா மடிச்சிருக்காங்க' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். நர்ஸ் சிரித்துவிட்டு முகம் பார்க்கக் கண்ணாடி நீட்டினாள். ரேடியோ வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டாள். அந்த வேண்டாம் பத்து மாதமாக நடப்பில் இருக்கிறது.

அதன் பிறகு முப்பது நாள், முகத்தில் வலை முகமூடியை மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டிக் கதிர்வீச்சு. வாயில் எச்சில் வற்றிப்போனது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடாது. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. இடது கீழுதடும் அதன் கீழே தாடையும் மரத்துவிட்டன. சூடு பட்டாலும் தெரியாது, பல் பட்டாலும் தெரியாது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் காதோரம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "புகையிலை கிகையிலை போடுவியா?" அவள் ஜென்மத்தில் தொட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதும் கணவர் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரை ஒருவரும் கேட்கவில்லை. ரொட்டி வண்டி ஓட்டும் அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் மனைவிக்குப் போனது நாக்கு என்பதை மறந்து, காது போனது போலக் கத்திப் பேச ஆரம்பித்தார். பத்து நாள் ஒத்தாசைக்கு என்று வந்த நாத்தனார் பத்து மாதமாகச் சமையலறையை விட்டு நகரவில்லை. அவரும் நல்லவர்தான். கையில் கிடைத்ததை எல்லாம் மிக்ஸியில் அடித்துத் தட்டில் ஊற்றுவார். நல்லவர்கள் நடுவில் நாள் முழுக்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நாற்காலியிலிருந்து தப்பித்து, இரண்டு மாதத்துக்கு முன் கடைக்குத் திரும்பினாள். வீட்டில் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார்கள். கடையில் தனியாக இருக்கக் கூடாது. வாயில் ஊசி வைக்கவே கூடாது. மரத்த வாயில் ஊசி எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணும் அடித்துச் சொல்லிவிட்டாள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் ஊசி ஒட்டிக்கொள்ளும் காந்தப் பட்டை ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். மீறினால் கடை கிடையாது. கோட்டான் சாட்சி.

கடையில் வேறு கஷ்டம் காத்திருந்தது. அவள் பேச்சை இங்கே சுத்தம் செய்துதான் எழுதியிருக்கிறது. நேரில் கேட்டவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பாதி வார்த்தை குழைந்து வரும். "என்னக்கா?" என்பார்கள். திரும்பச் சொல்வாள். இரண்டாவது "என்னக்கா?"வுக்குப் பிறகு மெல்லத் தலையைக் கோட்டான் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "அக்காவுக்கு இப்ப பரவாயில்லையா?" என்று, தங்கள் இடுப்பில் டேப் பிடித்துக்கொண்டிருப்பவளைப் பற்றியே கோட்டானிடம் விசாரிப்பார்கள். இருபது வருஷம் வாயைத் திறக்காத கோட்டான் பாவம் வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனாள். ரேடியோவுக்கு எதைவிடவும் ஜோக் போனதுதான் தாங்கவில்லை. விலாசத்தை இரண்டு தடவை சொல்லலாம். ஜோக்கை இரண்டு தடவை சொல்ல முடியாது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், கோட்டான் பின்பக்கம் துணி நனைத்துக்கொண்டிருந்தபோது பழக்க தோஷத்தில் பத்து ஊசியையும் வாயில் வைத்துவிட்டாள் ரேடியோ. எதிரே நின்றவள் கடைக்குப் புதுசு. ரேடியோ ஏதோ சொன்னாள், அவள், "ஊசிய எடுத்துட்டுச் சொல்லுங்கக்கா, ஒண்ணும் புரியல" என்று சிரித்தாள். ரேடியோவுக்குச் சுளீர் என்று உறைத்தது. வாயில் ஊசி வைத்திருக்கும் டெய்லர் யாருக்குமே பேச்சு குழறத்தானே செய்யும்! இந்தப் பெண் கண்ணுக்கு அவள் நோயாளி இல்லை, ஊசி கவ்விய டெய்லர். அன்று முதல், புதிய ஆள் வந்து கோட்டானின் முதுகும் திரும்பியிருந்தால், தகர டப்பா மெல்லத் திறக்கும். தாடைத் தழும்பைக் கழுத்தில் சுற்றிய ஸ்கார்ப் மறைத்துக்கொள்ளும், மீதியை ஊசி பார்த்துக்கொள்ளும். திருட்டுத்தனம்தான். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறுக்க முடியாது.

இன்றைக்குக் கோட்டான் மகன் வீடு மாறுகிறான், ஒத்தாசைக்கு அவள் போயாக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு ஓய்வெடு என்றார்கள். ரேடியோ ஒரு வாரம் மல்லுக்கட்டி, ஒரு நாள் தனியாகக் கடை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். "ஒரு நாள் பாப்போம்! ஒழுங்கா போச்சுன்னா அப்புறம் பேசலாம்!" என்று கணவர் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கோட்டான் போகும்போது கடை ஃபோனை மேஜையில் வைத்து, "ஊசி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ரேடியோ காந்தப் பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டினாள். கோட்டான் தலை மறைந்ததும் கழற்றி மேஜை டிராயரில் போட்டாள்.

பதினொன்றரைக்கு அந்தப் பெண் வந்தாள். ஊருக்குப் புதுசு, ஹோட்டல் வரவேற்பில் வேலை கிடைத்திருக்கிறது, சீருடை ஸ்கர்ட் நீளமாக இருக்கிறது. ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, பத்து ஊசியையும் உதட்டில் கவ்விக்கொண்டு ரேடியோ முட்டி போட்டாள்.

"முட்டிக்குக் கீழ ரெண்டு விரல் இருக்கணும்னு சொன்னாங்கக்கா."

"யாரு விரல், முதலாளி விரலா?"

"அளந்தா பாத்தேன்!" என்று அவள் சிரித்தாள். புரிந்துவிட்டது, முதல் தடவையிலேயே.

"இடுப்புல பிடிக்குதா?"

"இப்ப இல்ல. சாப்பிட்டா பிடிக்கும்."

"ஹோட்டல்ல வேலை பாக்கிறவங்களுக்கு என்னைக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைச்சிருக்கு? தைரியமா போடுங்க."

அந்தப் பெண் ஸ்டூல் ஆடும்படி சிரித்தாள். ரேடியோவும் ஊசி விழாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரித்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு ஜோக் போய்ச் சேர்ந்திருந்தது. மனசு நிறைந்துபோயிற்று.

ஸ்கர்ட் குறுகல், ஏழு ஊசியே போதுமாக இருந்தது. அவள் உள்ளே போய் உடை மாற்றி வருவதற்குள் ரேடியோ மிச்ச ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள். பிறகு ஒரு பந்தயம் போலத் துணிந்து, வெறும் வாயோடு சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் வாங்க. ரெடியா இருக்கும்."

"சரிக்கா, வரேன்" என்றாள் அந்தப் பெண். என்னக்கா இல்லை, முகச் சுளிப்பு இல்லை. கடை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி நின்று, ரேடியோவின் உதட்டை உற்றுப் பார்த்து, தன் உதட்டோரத்தில் ஒரு விரலை வைத்தாள். ரேடியோவுக்குச் சுருக்கென்றது. தழும்பைப் பார்த்துவிட்டாள்! உடனே ஸ்கார்பை மேலே இழுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "அக்கா, அங்க..." என்று அவள் ஏதோ ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

போனால் போகட்டும், பேச்சு புரிந்துவிட்டதே. வெறும் வாயால் பேசிய பேச்சு! ரேடியோ ஒரு மணி நேரம் தரையில் கால் படாமல் திரிந்தாள். அதன் பிறகுதான் எண்ணினாள்.

முதலில் ஸ்கர்ட்டை உதறினாள். உள் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். உடை மாற்றும் மறைவில் திரைச்சீலையைக் குலுக்கினாள். டிராயரிலிருந்து காந்தப் பட்டையை எடுத்துத் தரை முழுக்கத் துழாவினாள். துருப்பிடித்த மொட்டை ஊசிகள் பதினாலு, இரண்டு கொக்கி, அரை பிளேடு வந்தன. பச்சை வரவில்லை. மேஜையில் கடை ஃபோன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். அவள் ஃபோன் எடுப்பதில்லை. முகம் தெரியாத இடத்தில் அவள் பேச்சு வெறும் சத்தம். அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

அப்போதுதான் தொண்டையில் குத்தியது.

குத்தியதா? கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டை குத்தாத நாள் ஏது? தண்ணீர் குடித்துப் பார்த்தாள். குத்தியது. நேற்றும் இப்படித்தான் குத்தியதா, இதைவிடக் குறைவாகவா? உதட்டோரம் வழிந்த தண்ணீரை ஸ்கார்ப் நுனியால் ஒற்றினாள். துணியில் கடுகளவு சிவப்பு. உதடு வெடித்து ரத்தம் கசிவது புதிதில்லை. அதையும் நம்ப முடியவில்லை. எச்சிலை விழுங்கினாள், நின்றாள், மறுபடி விழுங்கினாள். வயிற்றை அமுக்கினாள். பாதி நாக்கு, மரத்த உதடு, உள்ளே போனது தெரியாத ஊசி. தன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஊரில் எவளுக்காவது தெரியாமல் இருக்குமா? அவளுக்குத் தெரியவில்லை. அது கோபமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

கணவருக்குச் சொல்லலாம். சொன்னால் பத்து நிமிஷத்தில் ரொட்டி வண்டி வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, 'வாயில ஊசி வச்சியா, வச்சியா?' என்ற சத்தம். அதோடு கடை முடிந்தது. நாற்காலி, மிக்ஸி, நல்லவர்கள். சொல்லாவிட்டால் ஊசி உள்ளேயே எங்கேயாவது போய்க் குத்தி நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டுக்கொண்டே கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். 'ஊசி ஒண்ணு' என்று கோட்டானுக்குத் தட்டினாள். அழித்தாள். அதற்குள் கோட்டானிடமிருந்தே வந்தது: 'எல்லாம் சரியா?' 'சரி' என்று பொய் அனுப்பினாள்.

பீரோவுக்கு அடியில் பார்க்கவில்லை என்று ஞாபகம் வந்தது. பட்டை அவ்வளவு தூரம் எட்டாது. எதிரே இரும்புக் கடையில் ஆணி பொறுக்கும் நீளக் கம்பிக் காந்தம் உண்டு. ஸ்கார்பைச் சரி செய்துகொண்டு தெருவைத் தாண்டினாள்.

"காந்தம்" என்றாள். இரும்புக் கடைக்காரருக்குப் புரியவில்லை. ஸ்கார்பைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி சொன்னாள். அவர் பார்வை அவள் உதட்டில் விழுந்தது. விழுந்த வேகத்தில் தராசுக்குப் போனது. பிறகு அங்கிருந்து எழும்பவே இல்லை. அவள் தாளில் எழுதிக் காட்டினாள். அவர் தராசைப் பார்த்தபடியே காந்தத்தை நீட்டினார். திரும்பும்போது எதிரில் வந்த பெண்மணியும் அதே போல ஒரு கணம் பார்த்து, அவசரமாகக் கீழே பார்த்தாள். ரேடியோவுக்கு இது பழகிப்போன விஷயம். பழகினால் வலிக்காது என்று சொன்னவர் யாரோ, அவர் முகத்தில் ஒன்றும் நடந்திருக்காது.

பீரோவுக்கு அடியில் ஒரு நூல் பாபின் கிடைத்தது, அவ்வளவுதான். ஃபோன் மறுபடி அதிர்ந்தது, அதே நம்பர். ஓய்ந்து, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும். "சும்மா இரேன்!" என்று அதைத் துணிக்குவியலுக்குள் தள்ளினாள். மணி மூன்றரை. மிக்ஸியில் அடித்த சாப்பாடு டப்பாவில் ஆறிக் கிடந்தது. சாப்பிட்டால் ஊசியை இன்னும் உள்ளே தள்ளிவிடுமோ என்று திறக்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், எட்டாவது தடவையாக ஸ்கர்ட்டைத் தடவினாள்.

இனி பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான்.

கடையில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. தினமும் அதன் முன்னால்தான் வேலை. ஆனால் திரும்பி வந்த இந்த இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடியில் ரேடியோ கழுத்துக்குக் கீழேதான் வசித்தாள். ஓரம், இடுப்பு, தோள் வரை கண் ஏறும், அங்கேயே நிற்கும். இப்போது தொண்டைக்குள் பார்த்தாக வேண்டும். கதவைச் சாத்தினாள். ஃபோனைக் குவியலிலிருந்து தோண்டி எடுத்து டார்ச்சைப் போட்டாள். ஸ்கார்பை அவிழ்த்தாள். 'தொண்டையை மட்டும் பாரு, வேற எதையும் பாக்காதே' என்று தனக்கே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள்.

தொண்டை வரை போக வேண்டியிருக்கவில்லை. கீழுதட்டின் இடது ஓரத்தில், தழும்புக்கு அந்தப் பக்கம், பச்சை மணி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஊசி உதட்டுக்குள் இறங்கி, ஒரு விரற்கடை தள்ளி வெளியே வந்திருந்தது, துணியில் ஒரு தையல் ஓட்டியது போல. சிரித்தபோது இறுக்கினாளே, அப்போது இறங்கியிருக்க வேண்டும். நாலு மணி நேரம்! வலி ஒரு துளிகூட இல்லை.

பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. இரண்டு புள்ளி ரத்தம். ரேடியோ சிரித்தாள், வாய்விட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு. எதிரே வாய் ஒரு பக்கம் இறங்கிய, கன்னம் ஒட்டிய, தாடையில் கோடு ஓடிய ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே கூடாது என்றிருந்த முகத்தைப் பார்த்தாகிவிட்டது. அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை, கொஞ்சம் கோணலாகத் தைத்த காலர் போல இருந்தது. கண் அதே கண்.

சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் விரல் வைத்துக் காட்டியது இதைத்தான். அவள் போகும்வரை உதட்டில் ஊசி இருந்திருக்கிறது. வெறும் வாய் என்று நினைத்துக்கொண்டு பேசிய பேச்சும் வெறும் வாய்ப் பேச்சு இல்லை! ஊசி கவ்விய டெய்லர் குழறுகிறாள் என்றுதான் அவள் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறாள். காலையிலிருந்து கொண்டாடிய கொண்டாட்டம் எல்லாம் பொய். ஊசி கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. காந்தத்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, ஸ்கார்பைக்கூடச் சுற்றாமல், தெருவைத் தாண்டினாள்.

"இது என் உதட்டுல இருந்துச்சே, பாத்தீங்களா?"

இரும்புக் கடைக்காரர் ஊசியைப் பார்த்தார். பேச்சைவிட ஊசிதான் அவருக்கு விஷயத்தைப் புரியவைத்திருக்க வேண்டும். "பாத்தேன்க்கா... ஆஸ்பத்திரியில வச்சதாக்கும்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"இதை எப்படிக்கா கேக்கிறது?"

"வாயாலதான்" என்றாள் ரேடியோ. காந்தத்தை அவர் மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

கடைக்குள் நுழையும்போது ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது. அதே நம்பர். அந்தக் கோபத்தோடேயே எடுத்துவிட்டாள்.

"ஹலோ, டெய்லர் கடைங்களா? காலையில ஸ்கர்ட் குடுத்தேன்ல. எத்தனை தடவை கூப்பிட்டேன்! உங்க கடையில அளவெடுத்த அக்கா இருக்காங்களா?"

"நான்தான்."

"என்னங்க?"

"நான்தான்!"

"அக்காவா? அக்கா, உங்க உதட்டுல ஒரு ஊசி குத்திக்கிட்டு நின்னுச்சு. சொல்ல வந்தேன், பஸ் வந்துடுச்சு. மனசே கேக்கல, வேற யாராவது எடுத்தா சொல்லலாம்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

"எடுத்துட்டேன்மா."

"என்னக்கா? இன்னும் வாயில ஊசி இருக்கா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். நாளைக்கு அவள் வரும்போது மறுபடி பத்து ஊசியைக் கவ்விக்கொள்ளலாம். ரேடியோ கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

"ஊசி இல்லம்மா. நாக்குதான் பாதி இல்ல."

சொன்ன கையோடு, அட, நல்லா வந்துருச்சே என்று தோன்றியது. பழைய ரேடியோ சொல்லியிருக்கக்கூடிய ஜோக்.

"என்னக்கா? சரியா கேக்கல."

இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை அது ஜோக் இல்லை, வெறும் சேதி. "எனக்குப் பாதி நாக்கு இல்ல. எடுத்துட்டாங்க."

"லைன் சரியில்லையாக்கா? என்னத்த எடுத்துட்டாங்க?"

ரேடியோ நிமிர்ந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையாக, இரும்புக் கடைக்காரர் தலை தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "கேன்சர். நாக்குல. பாதி, எடுத்துட்டாங்க. என் பேச்சே, இதுதான்."

ரேடியோ காத்திருந்தாள். வைத்துவிட்டாளோ என்று ஃபோனைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"இப்ப புரிஞ்சுதுக்கா" என்றாள் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிறகு யோசித்து யோசித்துச் சொன்னாள்: "ஆனா நேர்ல நீங்க சொன்னது எல்லாமே புரிஞ்சுதேக்கா. முதலாளி விரலானு கேட்டீங்களே, அதை எங்க ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ரேடியோ மேஜையில் கிடந்த ஸ்கர்ட்டின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"நாளைக்கு ஆறு மணி ஆயிடும்க்கா. பரவாயில்லையா?"

"பரவாயில்ல. வாங்க."

"சரிக்கா."

ஃபோனை வைத்ததும் கோட்டானின் சேதி ஒன்று திரையில் நின்றது: 'எல்லாம் சரியா?' இது ஐந்தாவது. ரேடியோ 'ச' என்று தட்டி நிறுத்தினாள். அழித்துவிட்டு அழைப்பை அழுத்தினாள். பத்து மாதத்தில் அவள் யாரையும் ஃபோனில் கூப்பிட்டதில்லை. கோட்டான் பதறிப்போய் எடுத்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு கதை சொல்லணும். திட்டக் கூடாது."

"வாயில ஊசி வச்சியா?"

"வச்சேன்."

கோட்டான் திட்டினாள். இருபது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சை எல்லாம் மொத்தமாக அவிழ்த்துவிட்டாள். ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காந்தப் பட்டையை மணிக்கட்டில் கட்டினாள். பத்தாவது ஊசியை அதில் ஒட்டவைத்தாள்.

கடைசியில் கோட்டானுக்கு மூச்சு வாங்கியது. "உங்க வீட்டுல யாரு சொல்றது? நானா?"

"நானே சொல்றேன். முதல்ல நீ கேளு."

"சரி, சொல்லு."

ரேடியோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தாள்.